ஞாயிற்றுக்கிழமைப் பந்துகள்

அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: அமெரிக்காவில் ஒரு கல்லூரியிலிருந்து வந்திருந்த பேஸ்போல் பயிற்சியாளர், பந்தின் வேகத்தை அளக்கும் கருவியோடு அவருடன் வந்த இளைஞன், பலெர்மோ கிளப்பின் பயிற்சியாளர், நடுவராக நின்ற நரைத்த மீசைக்காரர், பந்து பிடிக்கிற பையன், எறிந்து காட்ட வந்த மூன்று பையன்கள், அதில் ஒருவன் என் மகன், மற்ற இரண்டு பையன்களின் தகப்பன்மார், என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், நான். எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று வந்தது. எனக்கு அந்த எண் பிடிக்கவில்லை. மைதானக் காவலாளியின் நாய் வேலியோரம் படுத்திருந்தது. அதையும் சேர்த்துப் பதினான்கு ஆக்கிக்கொண்டேன்.

நான் அப்படியான ஆள். வீட்டை விட்டு வெளிக்கிட்டால் காஸ் மூடினேனா என்று பார்க்க மூன்று மாடி திரும்பி ஏறுவேன். வன்னியில் எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. சண்டை, ஓட்டம், பிறகு திரும்பிப் போய் வாங்கில் இருக்கிற வயது போய்விட்டது. படிக்காததால்தான் இந்தப் பயமா, இல்லை பயந்த பிறவியா, தெரியாது. தபாலில் ஒரு கடிதம் வந்தால், அது தண்ணீர்க் கட்டணமா, வதிவிட அனுமதி பார்க்கிற பொலிஸ் கெஸ்தூராவா என்று மகள் வாசித்துச் சொல்லும்வரை அவளுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருப்பேன்.

அன்றைக்குப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த அமெரிக்கர் இத்தாலி முழுக்க சுற்றிப் பையன்களைப் பார்த்துக்கொண்டு வருகிறார். சிசிலிக்கு ஒரே ஒரு நாள். ஒவ்வொரு பையனுக்கும் அரை மணித்தியாலம். அவர் ஓம் என்றால் என் மகன் உதவித்தொகையோடு அமெரிக்காவில் படிப்பான். இல்லையென்றால் ஜூனில் பள்ளிக்கூடம் முடிய, என்னோடு வாளியும் மொப்பும் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக் கழுவ வருவான். நான் இந்த நகரத்தில் ஏழு கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிறேன். நான்கு அல்பெர்கேரியாவில், எங்கள் வீட்டைச் சுற்றி. மூன்று கபோவில். அந்த வேலையில் எனக்கு வெட்கம் இல்லை. அவனுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

பேஸ்போலுக்கு அவன் போனதே ஆள் குறைந்ததால். பன்னிரண்டு வயதில், வகுப்பில் பக்கத்தில் இருந்த பையன், எங்களுக்கு ஒரு ஆள் இல்லை, வா என்று கூட்டிப் போனான். இவன் அதற்கு முன் எங்கள் ஆட்களோடு கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டில் நின்று பந்து பொறுக்கியவன். அங்கே போய், தூரத்திலிருந்து ஒரு பந்தை எறிந்திருக்கிறான். அன்றைக்கே அவனுக்குச் சட்டை கொடுத்துவிட்டார்கள். முதல் வருடம் முழுக்க எனக்கு ஒரே யோசனை, இவன் முழங்கையை மடக்கி எறிகிறானே, யாராவது நோபோல் என்று பிடித்து வெளியே போடப்போகிறார்கள் என்று. பேஸ்போலில் அப்படித்தான் எறிய வேண்டும் என்று மகன் நான்கு தரம் விளங்கப்படுத்தினான். தலையாட்டினேன். ஆனால் ஒவ்வொரு தரமும் நடுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குப் பதினாறு நடக்கிற வருடம், தைமாதம், கபோவில் ஒரு கட்டடத்தில் நான் வாளியோடு வழுக்கி விழுந்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. நான்கு மாதம் குனிய முடியவில்லை. ஏழு கட்டடத்தையும் விட்டால் அடுத்த நாளே வேறு ஆள் வந்துவிடும். இவன் யாரிடமும் கேட்காமல் என் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு போனான். விடிய ஐந்தரைக்குத் தொடங்கி, ஒரு நாளைக்கு இரண்டு கட்டடம். ஏழே முக்காலுக்கு ஈரச் சப்பாத்தோடு பள்ளிக்கூடம். பின்னேரம் பயிற்சி. அந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில், எறிந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டு வந்தான். வலது முழங்கை. ஒரு வருடம் பந்தைத் தொடக்கூடாது என்றார் வைத்தியர்.

அந்த ஒரு வருடமும் நான் மொப்பைத்தான் குற்றம் சொன்னேன். மொப்பை வாளியில் வைத்து முறுக்கிப் பிழிகிறபோது முழங்கைக்குள் ஒரு நரம்பு இழுபடும், எனக்கே இழுபட்டிருக்கிறது. என் வேலை அவன் கையைத் தின்றுவிட்டது. படிக்கட்டுக் கழுவும்போதெல்லாம் இதையே நினைப்பேன். ஒரு படிக்கு ஒரு தரம். கபோக் கட்டடம் ஒன்றில் மட்டும் தொண்ணூற்றாறு படி.

அவன் மெல்ல மெல்லத் திரும்பி எறியத் தொடங்கினான். அமெரிக்கர் வருகிறார் என்று தெரிந்ததும், கந்தசஷ்டிக்கு அவனையும் விரதம் பிடிக்க வைப்பதாக முருகனுக்கு நேர்ந்தேன். மனைவி, தன் பங்குக்கு மலை மேலிருக்கிற இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் நடந்து போய் வந்துவிட்டாள். அவள் ஒரு தரம் கேட்டால் விட்டுவிடுவாள். நான் விடமாட்டேன். புதன்கிழமை கோவிலில் ஐயர் எங்கள் இரண்டு பேருக்கும் காப்புக் கட்டினார். ஆண்களுக்கு வலது மணிக்கட்டில். தர்ப்பையும் மஞ்சள் நூலும் சேர்த்து முறுக்கி, மூன்று முடிச்சு. ஆறாம் நாள் சூரன் போர் முடிந்து, மறுநாள்தான் அவிழ்க்கலாம். அமெரிக்கர் வந்தது நான்காம் நாள், சனிக்கிழமை.

முதல் இரண்டு பையன்களும் எறிந்து முடித்தார்கள். மகன் மேட்டில் ஏறி நின்றான். மீசைக்கார நடுவர் கிட்டப் போய் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். சட்டைக் கையை மேலே தள்ளினார். தலையை ஆட்டினார். மகன் மேட்டை விட்டு இறங்கி வேலியோரம் என்னிடம் வந்தான்.

“இதைக் கழட்டட்டாம்” என்றான்.

“எதை?”

“காப்பை. எறியிறவன்ரை கையிலை ஒண்டும் இருக்கப்படாது. அது சட்டம் அப்பா.”

“கிரிக்கெட்டிலை கட்டிக்கொண்டுதானே எறியிறாங்கள்?”

“இது கிரிக்கெட் இல்லை.”

“கட்டேக்கை ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா மூண்டு நாள் நித்திரை கொள்ளமாட்டியள். நீளக் கைச் சட்டை போட்டால் தெரியாது எண்டு நினைச்சன்.”

“இப்ப மட்டும் நித்திரை கொண்டவரே” என்றாள் மனைவி. “நாலு நாளா வீட்டுக்குள்ளை நடக்கிறார். கீழ்வீட்டு சிஞ்ஞோரா வந்து, உங்கடை வீட்டிலை ஆர் சப்பாத்தோடை நடக்கிறது எண்டு கேட்டவ.”

நான் ஐயருக்கு போன் எடுத்தேன். அவர் பின்னேரங்களில்தான் ஐயர். பகலில் பகேரியாவில் ஒரு பழைய வீட்டில் வயதான சிஞ்ஞோரே ஒருவரைப் பராமரிக்கிறார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

“ஐயா, காப்பை நாலாம் நாள் கழட்டலாமோ?”

“ஏன், ஆரும் செத்துத் துடக்கோ?”

“இல்லை ஐயா. பேஸ்போல்.”

“அதென்ன?”

“பந்து ஐயா. மகன்ரை விசயம். அமெரிக்காக்காரன் வந்து நிக்கிறான், கையிலை நூல் இருக்கப்படாதாம்.”

“வெட்டாதேங்கோ. ஆறுதலா முடிச்சை அவிழுங்கோ. அவிட்டு உங்கடை கையிலை கட்டிப்போட்டு, அவன்ரை மிச்ச நாளையும் நீங்களே பிடியுங்கோ. பிள்ளைக்காகத் தகப்பன் பிடிக்கலாம். பெடியன் விரதம் ஒழுங்காப் பிடிச்சவன்தானே?”

“ஓம் ஐயா. மச்சம் மாமிசம் தொடேல்லை.”

அங்கே கிழவர் யார் என்று கேட்கிற சத்தம் வந்தது. ஐயர் வைத்துவிட்டார். நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, வேலிக் கம்பிக்குள்ளால் மகனின் கையை இழுத்து முடிச்சில் நகத்தை வைத்தேன்.

“அப்பா” என்றான் மகன்.

“என்ன?”

“வியாழக்கிழமை மேவுசா சாப்பிட்டனான்.”

மேவுசா என்பது மாட்டின் மண்ணீரல். அவித்து, கொழுப்பில் வதக்கி, பணிஸ் ரொட்டிக்குள் வைத்து இந்த ஊர் முழுக்கத் தெருவில் விற்பார்கள். எங்கள் வீட்டுச் சந்தியிலேயே ஒரு வண்டி நிற்கிறது. விரதத்தின் இரண்டாம் நாள். மரக்கறியில் உள்ளி விழுந்துவிட்டதோ என்று நான் சட்டியை மணந்து பார்த்துக்கொண்டிருந்த நாள்.

“ஆரோடை?” என்றேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

“என்னோடை” என்றாள் மகள். “நான் எலுமிச்சம்புளி விட்டு. அண்ணா சும்மா.”

“காசு நான் குடுத்தது” என்றாள் மனைவி. “புதன்கிழமை பயிற்சியிலை தலை சுத்தி இருந்திட்டான். வெறும் வயித்திலை எறிஞ்சா கை என்னத்துக்கு ஆகும்? உங்களுக்குச் சொல்லியிருந்தா நீங்கள் விழுந்திருப்பியள். பிறகு ரெண்டு பேரை நான் தூக்கோணும்.”

ஆக, அந்த வீட்டில் விரதம் பிடித்தது நான் ஒருவன் மட்டுமே. எனக்குக் கோபம் வரவேண்டும். வந்ததா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. முடிச்சு வியர்வையில் ஊறி இறுகிக் கிடந்தது. அந்தப் பக்கம் அமெரிக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்த இளைஞனைப் பார்த்தார். வெட்டக்கூடாது என்றுதான் ஐயர் சொன்னார். கடிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் குனிந்து, வேலிக் கம்பியில் நெற்றி முட்ட, பல்லால் கடித்து அறுத்தேன். அறுந்ததை என் காப்போடு சேர்த்து முடிந்துகொண்டேன்.

முதல் பந்து பிடிக்கிறவனின் தலைக்கு மேலால் போய்ப் பின்வலையில் மோதியது. இரண்டாவது நிலத்தில் குத்தியது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூன்றாவது பந்து, பிடிக்கிறவனின் கையுறைக்குள் போன சத்தத்தில் நாய் எழும்பி நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுக்குப் பின் ஒன்றாக அதே இடத்தில் விழுந்தது. மகள் நைசாகப் போய், கருவி வைத்திருந்த இளைஞனின் பின்னால் நின்று எண்ணைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“எண்பத்திநாலு.”

“அவ்வளவுதானோ?” என்றேன்.

“மைல் அப்பா, மைல். கிலோமீத்தரிலை நூத்திமுப்பத்தஞ்சு. நீங்கள் பகேரியாவுக்குப் போற ரயில் இந்த வேகத்திலை ஒருநாளும் ஓடினதில்லை.”

அரை மணித்தியாலம் முடிந்தது. அமெரிக்கர் மகனின் முதுகில் தட்டினார். சிரித்தார். நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கிளப் பயிற்சியாளர் தன் கொப்பியை விரித்துக் காட்டினார். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு பையனும் எத்தனை பந்து எறிந்தான் என்று எழுதிவைக்கிற கொப்பி. பேஸ்போலில் அது முக்கியம். பையன்களின் கை கெட்டுப்போகும் என்று எண்ணி எண்ணித்தான் எறிய விடுவார்கள். அவருக்கு அந்தக் கொப்பியில் பெருமை. என் மகனை ஒருநாளும் எழுபதுக்கு மேல் எறிய விட்டதில்லை, அதற்குப் பிறகு நான்கு நாள் ஓய்வு கொடுத்திருக்கிறேன் என்று விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார்.

அமெரிக்கர் வாசிக்க வாசிக்க, ஒரு வருடம் எண்ணே இல்லாத இடத்தில் அவர் முகத்தில் இருந்த சிரிப்புப் போனது. மகனோடு இங்கிலீஷில் ஏதோ கதைத்தார். மகன் தோளைக் குலுக்கினான். பிறகு அவர் வேலிப் பக்கம் வந்து என்னைப் பார்த்துக் கேட்டார். கேள்வி மூன்று வாய் தாண்டி வந்தது. அவர் இங்கிலீஷில் கேட்க, கிளப் பயிற்சியாளர் இத்தாலியனில் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். எனக்கும் கொஞ்சம் இத்தாலியன் தெரியும். ஆனால் பயம் பிடித்தால் அது ஓடிவிடும்.

“கொப்பியிலை இருக்கிறது சரியான கொஞ்சப் பந்தாம். இவ்வளவு கவனமாப் பாத்த கை ஏன் ஒரு வருசம் படுத்தது எண்டு கேக்கிறார். அங்கை போனா இதைப்போலை ரெண்டு மடங்கு எறியோணுமாம். இவ்வளவுக்கே தாங்காத கை எண்டால் தனக்கு வேண்டாமாம்.”

கடைசிச் சொல்லை அவள் மெதுவாகச் சொன்னாள்.

நான் மொப்பைப் பற்றிச் சொன்னேன். இடுப்பு, ஏழு கட்டடம், ஐந்தரை மணி, பிழிகிற வாளி, எல்லாம். என்னால்தான் இந்தக் கை இப்படி ஆனது என்று சொல்லச் சொன்னேன். மகள் சொன்னாள். பயிற்சியாளர் மொழிபெயர்த்தார். மற்ற இரண்டு தகப்பன்மாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அமெரிக்கர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தன் முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். மொப் பிழிந்தால் இங்கே நோகும், இவனுக்கு நொந்தது உட்பக்கம் என்றார். அது எறிந்து எறிந்துதான் வரும். பிறகு தன் கைக்கொப்பியை மூடினார். பேனாவை மேல்பையில் செருகினார்.

“அப்பா” என்றாள் மகள், தமிழில், யாருக்கும் விளங்காமல். “கிரிக்கெட்டைச் சொல்லவோ?”

எனக்குத் தலைக்குள் ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது என்று சொல்லலாம். உண்மையில் அந்தக் கதவு எப்போதும் திறந்துதான் கிடந்தது. நான்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஞாயிறு என்றால் எங்கள் ஆட்கள் பூங்காப் பக்கத்து வெறும் தரையில் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஊர் ஊராக அணி. எங்கள் அணிக்கு நான்தான் மனேச்சர். மனேச்சர் என்றால் தேத்தண்ணிப் போத்தல், பந்து, ஸ்கோர்க் கொப்பி மூன்றையும் கொண்டுபோகிற ஆள். கிழமையில் ஆறு நாள் ஒருவரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபது பேர், அண்ணை இப்ப ஆரைப் போடுவம் என்று என் வாயைப் பார்ப்பார்கள். நான் மகனைப் போடச் சொல்வேன். பதினாறு வயதில் அவனை எதிர்த்து நின்று அடிக்க இந்த நகரத்தில் ஆள் இல்லை. கிளப் பயிற்சியாளர் முதல் நாளே, ஞாயிறு ஓய்வு, வேறு எதுவும் எறியக்கூடாது என்று என்னிடம் சொன்னவர். சி, சி, ஓம் ஓம் என்று தலையாட்டினேன். சனி அங்கே எழுபது பந்து, ஞாயிறு இங்கே. இடுப்பு விழுந்த நேரத்திலும், பங்குனி மாதத்திலிருந்து என்னை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எல்லைக் கோட்டில் நாற்காலி போட்டு இருத்துவார்கள். ஆறு நாள் என் படிக்கட்டைக் கழுவிய பிள்ளை, ஏழாம் நாள் நான் நாற்காலியில் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எறிந்தான். கை நோகிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கிளப்பை ஐந்து வருடம் ஏமாற்றியிருக்கிறோம். பயிற்சியாளர் இவனை இனிச் சேர்க்கமாட்டார். அமெரிக்கர், ஏமாற்றுகிற குடும்பம் என்று போய்விடுவார். மகன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தான், வேண்டாம் என்று. எனக்காகத்தான் அசைத்தான். அது விளங்கியது.

“சொல்லு” என்றேன் மகளிடம்.

அவள் சொன்னாள். கிளப் பயிற்சியாளர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஞாயிறுமா என்று மூன்று தரம் என்னிடம் கேட்டார். பிறகு சிசிலிப் பாசையில் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னவாம்?”

“அதை நான் சொல்லமாட்டன்” என்றாள் மகள்.

அமெரிக்கருக்கு விசயம் போய்ச் சேர்ந்தது. அவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். எத்தனை பந்து என்று கேட்டார். சும்மா கேட்டார் போலிருக்கிறது, யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று.

எனக்கு இருந்தது. ஸ்கோர் எழுதியது நான். ஒரு ஞாயிற்றில் இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு நான்கு ஓவர், ஒரு ஓவருக்கு ஆறு பந்து. நாற்பத்தெட்டு. பேஸ்போல் காலம் தொடங்கிய பங்குனிக் கடைசியிலிருந்து கை விழுந்த ஜூன்வரை பதினொரு ஞாயிறு, மழைக்கு நின்ற ஒன்றைக் கழித்துவிட்டேன். ஐந்நூற்று இருபத்தெட்டு. எல்லைக் கோட்டிலிருந்து அவன் எறிந்தது இதில் சேரவில்லை, அதை ஸ்கோர்க் கொப்பியில் எழுதுவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது இருக்கும், எல்லாம் முழுப் பலத்தில், விக்கெட்டை நேரே அடிக்கிற எறி. ஆட்கள் கைதட்டுவார்கள் என்றும் சொல்லச் சொன்னேன். ஏன் அதைச் சொல்லச் சொன்னேனோ தெரியாது.

அவர் எல்லாவற்றையும் எழுதினார். கூட்டினார். கிளப் பயிற்சியாளருக்குக் காட்டினார். இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் நெடுநேரம் கதைத்தார்கள். மகனைக் கூப்பிட்டுக் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்கள். மனைவி பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்து என் கையில் வைத்தாள். பழம் விரதத்துக்கு ஆகும். தின்றேன்.

மகன்தான் வந்து சொன்னான்.

“பழுதான கை இல்லையாம். களைச்ச கையாம். இவ்வளவும் எறிஞ்சு ஜூன்வரை தாங்கினதுதான் அதிசயமாம். ஸ்கான் எடுத்து அனுப்பட்டாம். உள்ளுக்கை சுகமா இருந்தா யோசிப்பினமாம்.”

“யோசிப்பினமோ, எடுப்பினமோ?”

“யோசிப்பினம் அப்பா.”

“கிளப்காரர் என்ன சொன்னவர்?”

“நீங்கள் இனி மைதானத்துக்கு வந்தா ஸ்கோர்க் கொப்பியை வாசலிலை குடுத்திட்டு வரட்டாம்.” அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். நோகுது எண்டு ஏன் சொல்லேல்லை என்று கேட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். “ஞாயிற்றுக்கிழமையிலைதானே நீங்கள் பயப்பிடுறேல்லை” என்றான். நான் அடுத்த தரிப்பிடத்தின் பெயரை வாசித்தேன். பிறகு அதற்கடுத்ததை வாசித்தேன்.

விரதத்தை ஆறாம் நாள்வரை பிடித்து முடித்தேன். ஐயரிடம் மேவுசாவைப் பற்றியும் சொன்னேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விபூதியைத் தந்து, ஸ்கான் எப்ப என்று கேட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கானுக்கு ஐந்து மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். தனியாரிடம் எடுத்து, படங்களை மகன் அனுப்பினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவனிடம் கடிதம் வந்ததா என்று கேட்கக்கூடாது என்று மனைவி சட்டம் போட்டாள். நான் மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தடை வந்தது. பிறகு போனைத் தலைகீழாக வைத்திருக்கிறானா நேராக வைத்திருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு கிழமை. தைமாதம் ஒரு பின்னேரம் அவன் குசினிக்குள் வந்து, எடுத்திட்டாங்கள் என்றான். மனைவி அடுப்பை அணைத்தாள். நான் போய் அது அணைந்ததா என்று பார்த்தேன்.

இரண்டு வருடக் கல்லூரி. படிப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை. தங்குகிற அறைக்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் கட்ட வேண்டும், முதல் வருடத்துக்கானதை ஆவணிக்கு முன். நாங்கள் சேர்த்துவைத்ததும், மனைவி வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா முன்கூட்டித் தந்த இரண்டு மாதச் சம்பளமும் சேர்த்தும் மூவாயிரம் யூரோ குறைந்தது.

அந்த நாட்களில்தான் நான் மனேச்சர் வேலையை விட்டேன். ஸ்கோர்க் கொப்பியை அணித் தலைவரிடம் கொடுத்தபோது அவர் ஏன் என்று கேட்டார். பலாரோச் சந்தையில் மீன் வெட்டுகிறவர், விட்டுப் பிடிக்கமாட்டார். முழுக்கச் சொன்னேன், குறைகிற மூவாயிரம் வரை. சனி எழுபது, ஞாயிறு நாற்பத்தெட்டு என்று சொன்னபோது அவர் கத்தியைத் துடைத்து வைத்தார்.

“அண்ணை, அவனைப் போடு போடு எண்டு கத்தினது நாங்களும்தானே” என்றார்.

அடுத்த ஞாயிறு, ஆட்டம் முடிந்து, அணிக் காசிலிருந்து ஒரு கவரை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினார். வருடக் கடைசிப் போட்டிக்கும், பந்து போடுகிற தரையில் விரிக்கிற புதுப் பாய்க்கும் வைத்திருந்த காசு. மூவாயிரம்.

“சும்மா இல்லை, கடன்” என்றார். “வட்டி இல்லை. ஞாயிறுக்கு ஐம்பது, செப்டம்பரிலையிருந்து. குடுக்கிற சாட்டிலை வந்து ஸ்கோர் எழுதோணும். உங்கடை கையெழுத்தை விட்டா மற்றவன்ரையை ஒருத்தரும் நம்புறாங்கள் இல்லை.”

“பாய் இல்லாமல் என்னண்டு விளையாடுவியள்?”

“விழுந்து விழுந்துதான்.”

நாப்போலியில் விசா கொடுத்தார்கள். ஆவணியில் மகன் போனான். விமான நிலையத்தில், நோகுது எண்டால் சொல்லு என்று பதினொரு தரம் சொன்னேன். மகள் எண்ணினாளாம். அங்கே போய், எறிகிற ஒவ்வொரு நாளும் எத்தனை பந்து என்று எனக்கு ஒரு எண்ணை மட்டும் அனுப்புகிறான். சில நாள் நாற்பது. சில நாள் அறுபத்திரண்டு. எண் வராத நாள் ஓய்வு என்று அவன் சொல்லியிருக்கிறான். ஆனால் எண் வராத நாளில்தான் நான் அதிகம் நடக்கிறேன். கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா திரும்பவும் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஸ்கோர் எழுதுகிறேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் இப்போது வேகமாகப் போடுகிறான், அவனை நான்கு ஓவருக்கு மேல் விடுவதில்லை. கத்துகிறார்கள், கத்தட்டும். ஆட்டம் முடியத் தலைவரிடம் ஐம்பதைக் கொடுத்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தை வாங்குகிறேன். இதுவரை இருபத்துமூன்று ஞாயிறு. இன்னும் கட்டக் கிடப்பது ஆயிரத்து எண்ணூற்றைம்பது யூரோ.